வைஃபைப் பொதி கட்டியவர்

போர் முடிந்து, இந்திய அகதி முகாமிலிருந்து சொந்த ஊரான நறுவிலிக்குளத்துக்குத் திரும்பியவர். லினக்ஸ் கணினிகளுக்கான வைஃபை மென்பொருளைப் பொதியாக்கி, இணையத்தில் சும்மா கொடுப்பார். எங்கள் பள்ளிக்கூடக் கணினியில் வைஃபை வேலை செய்யவில்லை. அந்தப் பொதியை இறக்கவும் வைஃபை வேண்டும். சொல்லியனுப்பினேன். மடித்துக் கட்டிய சாரத்தோடு, பென்டிரைவைக் கொண்டு அவரே மோட்டார் சைக்கிளில் வந்தார்.

பொதிக்குள் அது ஓடத் தேவையான துணைக் கோப்புகளெல்லாம் குவிந்து கிடந்தன.

"இவ்வளவும் ஏன்? கணினியிலேயே இருக்குமே?" என்றேன்.

"அங்க எல்லாம் இருக்கும் எண்டுதான் எங்களையும் அனுப்பினவை, சேர். வந்து பாத்தா வீட்டுக்குக் கூரையில்லை."

பொதியோடு இருந்த குறிப்பின் கடைசி வரியைக் காட்டினேன்: 'வைஃபை வேலை செய்யாவிட்டால் மின்னஞ்சல் அனுப்பவும்.'

"வைஃபை இல்லாதவன் மின்னஞ்சலை எதால அனுப்புறது?"

தலையைச் சொறிந்தார். அங்கேயே இருந்து திருத்தினார். உலகத்தில் யார் யாரோ இறக்குகிற அந்தப் பொதியில் இன்றைக்கும் அவர் திருத்திய வரி இருக்கிறது: 'வேலை செய்யாட்டி நறுவிலிக்குளம் வாங்கோ. கோயிலடியில கேட்டா வீட்டைக் காட்டுவினம்.'