லோஜனுக்குப் பயம் வரும் இடம்

பருத்தித்துறையில் லோஜனைக் கோழை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆழ்கடலில் காற்றுக் கிளம்பினாலும் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வலை இழுக்கிற ஆள். அவனுக்குப் பயம் வருவது ஒரேயொரு இடத்தில். கரையோரக் கற்பாறைகளுக்கு நடுவே படகு போய்வர வெட்டிய ஒடுங்கிய பாதை அது. ஊரில் அதை வான் என்பார்கள். ஒரு மாரியில் அவன் ஓட்டிவந்த படகு அந்த வானில் கவிழ்ந்து, அவன் அடியில் மாட்டிக்கொண்டான். இழுத்தெடுத்தவர்கள் ஆள் முடிந்தது என்றே நினைத்தார்கள்.

அதன்பிறகு வானைக் கண்டாலே கை விறைத்தது. கரையில் ஒரு வேலையைப் பார் என்றார்கள். கடலைத் தவிர வேறொன்றும் தெரியாதவனிடம் சொல்கிற கதையா அது?

மனைவி உதயகலாவின் தம்பி ஜெயரூபன் ஒரு வழி சொன்னான். தொண்டைமானாற்றில் வாடி என்கிற ஓலைக்கொட்டில் போட்டுத் தங்கி, வான் இல்லாத அந்தக் கரையிலிருந்து தொழிலுக்குப் போகலாம். லோஜன் அந்தச் சோளகக் காற்றுக் காலம் முழுக்க அங்கே சிரித்துக்கொண்டு படகு ஓட்டினான். பயம் தெளிந்துவிட்டது என்று உதயகலா சந்நிதி முருகனுக்கு நேர்த்திக்கடனும் செலுத்திவிட்டாள். அவசரக்காரி.

ஊர் திரும்பிய முதல் நாள் ஜெயரூபன் லோஜனை நம்பி எஞ்சினை அவனிடமே விட்டான். வானுக்குள் நுழைந்ததும் லோஜனின் கை மரத்துப்போனது. படகு கல்லில் உரசிச் சரிந்தது. ஜெயரூபன் பாய்ந்து எஞ்சினைத் திருப்பியிராவிட்டால் இரண்டு செத்தவீடு நடந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் வித்தியா நடந்ததையெல்லாம் ஆறுதலாகக் கேட்டு முடித்ததும் லோஜன் கேட்டான்.

“மாறின பயம் எப்பிடித் திரும்ப வந்தது, டொக்டர்?”

“அது மாறேல்லை, அண்ணை. மூளைக்குள்ளை கடற்குதிரை மாதிரி ஒரு பகுதி இருக்கு. எந்த இடத்திலை என்ன நடந்ததெண்டு சேர்த்து வைக்கிறது அதுதான். தொண்டைமானாற்றிலை பயமில்லை எண்டு புதுசா ஒண்டைப் படிச்சுது. வானடிக்கு வந்ததும் பழசை எடுத்துத் தந்திட்டுது.”

“அப்ப நான் என்ன செய்ய?”

“வானிலைதான் பழக வேணும். கடல் அலையில்லாமல் கிடையாக் கிடக்கேக்கை, கொஞ்சம் கொஞ்சமா.”

லோஜன் பழகினான். முதலில் வேறு ஆட்களின் படகில் சும்மா இருந்து போனான். பிறகு எஞ்சினில் கை வைத்தான். வியர்த்தது, ஆனாலும் விடவில்லை. தை பிறந்தபின் ஒரு விடியலில் ஜெயரூபனை ஏற்றிக்கொண்டு தானே ஓட்டினான். நெஞ்சு அடித்துக்கொண்டது, கை மட்டும் சொன்னது கேட்டது. படகு வானைத் தாண்டி வெளிக்கடலில் மிதந்தது. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“பாத்தியே மச்சான்?” என்று திரும்பினான்.

ஜெயரூபன் பார்க்கவில்லை. படகின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அன்று சரிந்த படகில் அவனும்தானே இருந்தான். அவனை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

லோஜன் எஞ்சினை நிறுத்தினான்.

“வா, திரும்பிப் போவம். நாளைக்கு நீ படகிலை சும்மா இரு, நான் மெதுவா ஓட்டுறன்.”