படம் இல்லாமல் படித்த செய்தி

நான் பேசியதைப் படிக்க நானே சந்தா கட்ட வேண்டும் என்று அந்த ஆங்கிலப் பத்திரிகையின் இணையப் பக்கம் சொன்னது. இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரகடத்தில் ஒரு டீக்கடை ஓரமாக, வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு நின்று பேசியது நான். அதற்கு யாரும் காசு தரவில்லை, நானும் கேட்கவில்லை. அதில் நாலு வரி காட்டிவிட்டு, மீதியை மங்கலாக்கி, காசு கட்டு என்றால் இது என்ன நியாயம்?

பேசியது பெரிய ரகசியமும் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு ‘பிரேக்’ என்று ஒன்று கொடுப்பார்கள். ஒப்பந்தம் முடியும்போது சில நாள் வீட்டில் உட்காரச் சொல்வார்கள். திரும்பி வந்தால் நீ புது ஆள். பழைய சர்வீஸ் கணக்கில் வராது. அதே லைனில், நிரந்தர ஆள் செய்கிற அதே வேலையை, வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு நான் செய்துகொண்டிருந்தேன். பல தடவை புது ஆளாகிவிட்டேன். அதைத்தான் சொன்னேன்.

நிருபர் நல்ல பையன். “பேர் போட மாட்டேன்ணா. முகமும் வராது” என்று சொல்லி, முதுகுப்பக்கம் நின்று படம் எடுத்து, கேமராவில் காட்டவும் செய்தான். முகம் இல்லைதான். போகும்போது, “சாயங்காலம் நெட்ல வந்துரும்ணா. பாத்துட்டு எதாவது மாத்தணும்னா உடனே சொல்லுங்க, மாத்திடலாம். காலைல பேப்பர்ல வந்துட்டா ஒண்ணும் பண்ண முடியாது” என்றான்.

சொன்னபடி சாயங்காலம் லிங்க் அனுப்பினான். திறந்தால் பூட்டு. முழுவதையும் அனுப்பு தம்பி என்று அவனிடமே கேட்டிருக்கலாம். சந்தா கட்ட வக்கில்லாதவன் என்று நினைப்பானோ என்று வெட்கம். கேட்கவில்லை.

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்காரன் குன்றத்தூர்க்காரன். லைனிலும் எனக்கு அடுத்த ஆள். எங்கள் பஸ்ஸுக்கு அவன்தான் பேப்பர். பூட்டிய செய்திகளைச் செல்போனில் திறந்து, தமிழில் சொல்லிக்கொண்டே வருவான். பிரவுசரின் மேலே ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் மற்றதெல்லாம் போய் எழுத்து மட்டும் நிற்கும். அதற்கும் மசியாத பக்கத்தை ‘இன்காக்னிட்டோ’ என்கிற மறைவு ஜன்னலில் திறப்பான். படமே வராதபடி செட்டிங்கில் வேறு அடைத்து வைத்திருந்தான். “படத்துக்கெல்லாம் எவன்டா நெட்டு தண்டம் அழுவுறது?” என்பான். இதெல்லாம் திருட்டு இல்லையா என்று ஒருநாள் கேட்டேன். “கதவத்தான் பூட்டிக்கீறான். ஜன்னலு தொறந்து கீது. நான் இன்னா பண்ணட்டும் மச்சி?”

அன்று என் லிங்கை அவனிடம் கொடுத்தேன். பட்டனை அழுத்தினான். முழுச் செய்தியும் வந்தது. பக்கத்துக்குள் சொல் தேடும் வசதியில் முதலில் என் பெயரைப் போட்டான். பூஜ்யம். கம்பெனி பெயர். பூஜ்யம். என் ஊர் தண்டலம். அதுவும் பூஜ்யம்.

“நீ எங்கியுமே இல்லடா. போய் நிம்மதியா தூங்கு.”

பிறகு முழுவதையும் சத்தமாகச் சொன்னான். “முப்பது வயதைத் தாண்டிய ஒரு தொழிலாளி” என்ற இடத்தில் பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: “முப்பதா? இவனுக்கா? பொய் நியூஸ்னு கேஸ் போடுங்கடா!” பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு நிருபருக்கு, எல்லாம் சரி தம்பி, நன்றி என்று மெசேஜ் போட்டேன். கையில் இருந்த ஒரே வாய்ப்பை அப்படித்தான் தொலைத்தேன்.

மறுநாள் மனிதவள அதிகாரி கூப்பிட்டார். கம்பெனி சந்தா கட்டியிருந்தது. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி, செய்தியை மெல்லக் கீழே தள்ளினார். நடுவில் ஒரு படம். என் முதுகு. என் கையில் சாப்பாட்டுப் பை.

அது என் கல்யாணத் தாம்பூலப் பை. அன்று அதிகமாக அடித்துவிட்டோம், ஒரு கட்டு மீந்துபோனது. அப்போதிருந்து என் டிபன் பாக்ஸ் அதில்தான் போகிறது. மஞ்சள் பையில் சிவப்பு எழுத்து. என் பெயர், அவள் பெயர், மண்டபத்தின் பெயர். நிருபர் பையன் நல்ல கேமரா வைத்திருந்தான்.

“கல்யாணத்துக்குக் கூப்பிடவே இல்லையேப்பா?” என்றார் அதிகாரி.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். “கொஞ்ச நாள் பிரேக் எடுத்துக்குங்க, கூப்பிடுறோம்” என்றார். கூப்பிடவில்லை. இப்போது மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். மறுபடியும் புது ஆள்.

குன்றத்தூர்க்காரன் போன் செய்தான். “என்னாலதான்டா” என்றான். “லூசு, பைய எத்துக்கினு போனது நீயா நானா?” என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன். வைத்துவிட்டான். அதற்குப் பிறகு பஸ்ஸில் அவன் எதையும் திறந்து படிப்பதில்லையாம். பழைய ஆட்கள் சொன்னார்கள். வேலை போனதுகூட எனக்குப் பழகிவிட்டது. இது பழகவில்லை.

ஒருநாள் என் மனைவி, “நம்ம ரெண்டு பேரு பேரும் ஒண்ணா பேப்பர்ல வந்துக்கீது. அத நான் பாக்கக்கூடாதா?” என்று கேட்டாள். எனக்கு அந்தப் பக்கத்தை எழுத்தாகத் திறக்கத் தெரியும், படத்தோடு தெரியாது. அந்த லிங்கை அவனுக்கே அனுப்பினேன். “படத்தோட வேணும்டா. வூட்டுல பாக்கணுமாம்.”

நீல டிக் விழுந்தது. சில நாள் கழித்துப் படம் மட்டும் வந்தது. எப்படி எடுத்தானோ, காசு கட்டினானோ தெரியாது.

மனைவியிடம் போனைக் கொடுத்தேன். விரலால் பெரிதாக்கிப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்குக் காலைலதான் புதுப் பை எடுத்துக் குடுத்தேன்” என்றாள். “பழசு கிழிஞ்சிட்ச்சுன்னு.”

பழைய பையாக இருந்திருந்தால் துவைத்துத் துவைத்து எழுத்தெல்லாம் போயிருக்கும். அதை நான் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும்.