முருகையன் எழுதிய கட்டுரை

ஒரு டீக்கடைக்காரர் பொருளாதார அறிஞர் ஆனதைப் போன வாரம் மீமிசலில் நேரில் பார்த்தேன். பக்கத்திலேயே, கையில் கடித்த வடையோடு!

கடைக்காரர் பெயர் முருகையன். அவர் மகள் கலைச்செல்வி வெளியூர்க் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் நடத்துகிறாள். (சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும் என்பதால் 'அவள்' என்றே எழுதுகிறேன். பேராசிரியை மன்னிக்க.) அவள் பாடம் வளர்ச்சிப் பொருளாதாரம். அதாவது, இல்லாதப்பட்டவர்கள் எப்படி மேலே வருகிறார்கள், சில பேரால் ஏன் வரவே முடிவதில்லை என்று ஆராய்வது. மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் கூடை சுமக்கும் பெண்கள் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்பதைத்தான் அவள் நம் கடற்கரையில் அலைந்து எழுதினாள்.

லீவில் வந்தவள் முகத்தில் உயிரே இல்லை. திங்கட்கிழமை பதவி உயர்வுக்கு இன்டர்வியூ.

"என்ன ஆத்தா, எழவு வீட்டுக்குப் போய்ட்டு வந்தவ மாதிரி இருக்கே?"

"மேற்கோள் பத்தலப்பா."

கூடையை இறக்கி வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த ராக்கம்மா – தெருத் தெருவாக மீன் விற்பவர் – சட்டென்று திரும்பினார்.

"கோளா? ஒன்னையப் பத்தி யாரு ஆத்தா கோள் சொன்னது? பேரைச் சொல்லு, வாசல்ல போயி நாலு கேள்வி கேட்டுட்டு வாரேன்!"

"யாரும் சொல்லலையேன்னுதான்க்கா கவலையே!"

விஷயம் இதுதான். ஒருவர் எழுதிய ஆராய்ச்சியை இன்னொருவர் தன் ஆராய்ச்சியில் 'இன்னார் இப்படிச் சொல்கிறார்' என்று குறிப்பிட்டால், அது ஒரு மேற்கோள். அது கூடக் கூட, எழுதியவருக்குச் செல்வாக்கு. கம்ப்யூட்டரே எண்ணிக் கொடுத்துவிடுகிறது. கலைச்செல்வியின் பெயரைப் போட்டுக் கல்லூரி அலுவலகம் எடுத்த கணக்கோ... விரல் விட்டு எண்ணினால் விரல் மிச்சம்.

"திட்டி எழுதுனா?" என்றார் முருகையன்.

"அதுவும் கணக்குல வரும்ப்பா."

"அட, அப்ப என் டீக்கு எம்புட்டு வரும்!"

அவள் சிரிக்கவில்லை. "அந்தத் தடைக்காலக் கட்டுரைக்கு எவ்வளவு அலைஞ்சேன்! வெளிநாட்டுப் பத்திரிகைல வந்துச்சேன்னு சந்தோசப்பட்டேன். ஒருத்தருகூடச் சீண்டலப்பா."

மகளைச் சிரிக்க வைக்காமல் விடுகிற ஆளா அவர்? "சரி, ஒம்பேரை விடு. எம்பேரைப் போட்டுப் பாரு. நானாச்சும் பேமஸா இருக்கேனான்னு பாப்போம்."

அப்பா மனசுக்காக அவள் செல்போனில், மேற்கோள் தேடும் பக்கத்தில் 'முருகையன்' என்று தட்டினாள். தட்டியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

முருகையன் சொல்கிறார்... முருகையன் சுட்டிக்காட்டுகிறார்... தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. 'முருகையன் கருத்து ஏற்கத்தக்கதல்ல' என்று ஒருவர் சண்டைக்கே வந்திருந்தார்!

எல்லாம் இவள் கட்டுரையைப் பற்றித்தான். அதை அனுப்பும்போது அந்தப் பத்திரிகை 'கடைசிப் பெயர்' கேட்டிருக்கிறது. நமக்கு ஏது கடைசிப் பெயர்? இருப்பதெல்லாம் முன்னால் நிற்கும் இனிஷியல். ஒற்றை எழுத்தை அந்தக் கம்ப்யூட்டர் ஏற்காததால், 'மு'வை விரித்து அப்பா பெயரைப் பின்னால் போட்டிருக்கிறாள். அங்கெல்லாம் கடைசிப் பெயரை வைத்துத்தான் ஆளைச் சொல்வார்கள். நம் அலுவலகமோ 'மு. கலைச்செல்வி'யைத் தேடியிருக்கிறது, இவளும் அந்தக் கணக்கை அப்படியே நம்பிவிட்டாள்.

"நான் எட்டாவது பெயிலு ஆத்தா! என்னையவா வெள்ளைக்காரன் எதுத்துப் பேசுறான்?"

"கொஞ்சம் இரு," என்றார் ராக்கம்மா. "நாங்க படுற பாட்டைத்தான எழுதுனே? எம்பேரு எங்க?"

"பேட்டி குடுத்தவங்க பேரைப் போடக் கூடாதுக்கா. அது ரூல்ஸ்."

"அப்பன் பேரை மட்டும் போடலாமாக்கும்!"

இப்போது சிரித்தாள் கலைச்செல்வி. சிரித்துக்கொண்டே ஒன்றைத் திறந்து காட்டினாள். ஆப்பிரிக்கக் கரையோரப் பெண்களைப் பற்றி ஒருவர் எழுதியது. அவர்களுக்கும் தடைக்கால உதவி வேண்டும் என்று வாதாடுகிறார். நடுவில், தமிழ்நாட்டு மீன்காரப் பெண் ஒருவர் சொன்னதாக ஒரு வரி. 'கடலுக்குத்தான் லீவு, வயித்துக்கு இல்ல.'

"இது நீங்க சொன்னதுக்கா."

ராக்கம்மா யோசித்தார். "நானா? எங்க பக்கம் எல்லாரும் சொல்றதுதான ஆத்தா..."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை காலமாக இந்தப் பத்தியில் 'என்பார்கள்', 'சொல்வார்கள்' என்று எழுதித் தள்ளுகிறேனே... யார் அந்த 'ஆர்கள்'? 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று முதலில் சொன்ன மகராசிக்கு இந்நேரம் எவ்வளவு மேற்கோள் சேர்ந்திருக்கும்! அவளை எந்த இன்டர்வியூவுக்கும் யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும், காலை விடப் போகிற ஒவ்வொருவனும் ஒரு நொடி நின்று யோசிக்கிறானே – அதைவிடச் செல்வாக்கு உண்டா?

உண்டோ இல்லையோ, திங்கட்கிழமைக்கு அந்தத் தத்துவம் உதவாது. இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று ஆதாரம் திரட்டி, கணக்கைச் சேர்த்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள் கலைச்செல்வி.

நேற்று எனக்குப் போன் செய்தாள்.

"யாரும்மா இந்த முருகையன், உங்களோட சேர்ந்து எழுதுனவரான்னு கேட்டாங்க. எங்கப்பா சார், டீக்கடை வச்சிருக்காருன்னேன். ஒரே சிரிப்பு! அப்புறம் அந்தக் கட்டுரையைப் பத்தி மட்டுமே ரொம்ப நேரம் கேட்டாங்க. வயித்துக்கு லீவு இல்லைங்கிறதை ஒருத்தர் எழுதியே வச்சுக்கிட்டாரு."

முடிவு இன்னும் வரவில்லை. குரலைக் கேட்டால் வந்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

முருகையனிடம் சொன்னேன். பாய்லரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "'பேரு வச்சியே, சோறு வச்சியா?'ன்னு கேப்பாங்கள்லண்ணே... நான் ரெண்டும் வச்சேன். இப்ப அவ எனக்குப் பேரு வச்சுட்டா!"

அந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்ட புண்ணியவான் யாரென்று தெரிந்தால் எனக்கு எழுதுங்கள் – மறக்காமல், இனிஷியலோடு!