மருதோன்றியை ஏமாற்றிய வெளிச்சம்

ஆலங்குடாவில் எங்கள் வீட்டுக்கு, நிறம் மாறும் பன்னிரண்டு வோல்ட் எல்.ஈ.டி. பட்டி விளக்குகளை நானே தேடி வாங்கினேன். உப்புக்காற்றில் சுவரே வியர்க்கும் இடம். குறைந்த மின்னழுத்தம் என்றால் மனதுக்கு நிம்மதி. போனில் விரல் வைத்தால் ஹோல் முழுக்க அந்திவானம் இறங்கும். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மகள் சப்னாவின் நிக்காஹ்வுக்கு முதல்நாள் பின்னேரம், அவளுடைய சாச்சி, என் மனைவியின் தங்கை, மருதோன்றி அரைத்து, விரல்களுக்குத் தொப்பியும் உள்ளங்கையில் வட்டமும் வைத்தாள். நான் ஆசையாகத் திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஹோலைச் செம்மஞ்சளாக்கினேன். முக்கால் மணித்தியாலத்தில் சாச்சி ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தாள்.

"மாஷா அல்லாஹ், என்னா செவப்பு! போய்க் கழுவுங்க புள்ள."

கிணற்றடியில் கழுவிய சப்னா, வெயிலில் கையை விரித்துப் பார்த்துக் கத்தினாள்.

"வாப்பா! தேத்தண்ணி ஊத்தின மாதிரி இருக்கு! நாளைக்கி இந்தக் கையோடயா ஒக்காருற?"

சாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மச்சான், மருதோன்றி செவக்கல்ல. ஒங்கட லைட்டுதான் செவந்திரிக்கி!"

நல்லவேளை, அரைத்ததில் பாதி மிஞ்சியிருந்தது. அதே வட்டத்தின் மேல் மறுபடி வைத்தாள். கை இரண்டும் பூட்டுண்டதுபோல் இருந்த மகளுக்கு, இராச் சாப்பாட்டை நான் ஊட்டினேன். சிரித்துச் சிரித்துப் புரையேறியது அவளுக்கு. விடிந்து பார்த்தால், கைகள் கருஞ்சிவப்பு!

இப்போதெல்லாம் விளக்கு வாங்கப் போனால், கடைக்காரர் ஊதாவும் பச்சையும் காட்டுமுன், வெள்ளையைப் போடச் சொல்லி என் உள்ளங்கையைப் பார்க்கிறேன். வாசலுக்கு வந்து வெயிலிலும் பார்க்கிறேன். இரண்டும் ஒரே கையாக இருந்தால்தான் வாங்குவேன்.