எலுமிச்சைச் சாற்றில் வெந்த கொடுவா

1. வாயில் வைத்த துண்டு

பெங்களூரில் ஓர் உணவகத்தில், ஒரு வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு, என் வாயிலிருந்த கொடுவா மீன் துண்டு வேகவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

பார்வைக்கு வெந்த மீன்தான். பால்போல வெளுத்திருந்தது. மேலே மெல்லிய வெங்காயம், கொத்தமல்லி, மிளகாய். பக்கத்தில் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சோளமும். ஆனால் வெந்த கொடுவா நாக்கில் பட்டால் ஏடு ஏடாகப் பிரியும். இது பிரியவில்லை, பல்லுக்கு அடியில் வழுக்கியது. நான் பழவேற்காட்டில் ஒரு மீன் பேக்கிங் ஷெட்டில் இருபத்திரண்டு வருடமாக சூப்பர்வைசர். பச்சை மீன் எப்படி இருக்கும் என்று என் விரலுக்குத் தெரியும். நாக்குக்கு அன்றுதான் தெரிந்தது.

டிஷ்யூ பேப்பரில் துப்பினேன். எதிரில் உட்கார்ந்திருந்த ஷெட் முதலாளி காதர் பாய் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, முள்ளா?"

"முள்ளு இல்ல பாய். வேவல."

"வெள்ளையாத்தானே கீது?"

"வெள்ளையா கீது. ஆனா இது நெருப்பையே பாக்கல."

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அது எங்கள் மீன். செவ்வாய்க்கிழமை மாலை நான் செவுளைத் தூக்கிப் பார்த்து, ஃபிரெஷ் என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பெட்டியில் போனது.

2. எதற்காகப் போனோம்

அந்த உணவகம் ஐந்து மாதமாக எங்களிடம் கொடுவாவும் நண்டும் எடுத்துக்கொண்டிருந்தது. லத்தீன் அமெரிக்கச் சாப்பாடு என்று சொன்னார்கள். பெரு, மெக்சிகோ என்று ஏதேதோ நாடுகள். சமையல்காரர் விவேக் சேலத்துக்காரர், போனில் மரியாதையாகப் பேசுவார். "மீன் பிரமாதம் மேடம். ஒரு தடவை வந்து சாப்பிட்டுப் பாருங்க" என்று மூன்று முறை அழைத்திருந்தார். இன்னும் இரண்டு கிளைகள் திறக்கப்போகிறார்கள் என்றதும் பாய் கிளம்பிவிட்டார். தரத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டார்.

எங்கள் ஷெட்டில் பதினான்கு பெண்கள். முந்தைய வருடங்களில் மீன் குறையும் மாதங்களில் பாதிப்பேருக்கு வேலை இருக்காது. இந்த ஆர்டர் வந்த பிறகு பதினான்கு பேரும் ஒரு நாள்கூட வீட்டில் உட்காரவில்லை. அந்த ஆர்டரை இழக்கக்கூடாது என்பதுதான் பயணத்தின் ஒரே நோக்கம்.

புதன்கிழமை போய் இறங்கினோம். அன்று மதியம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கடல் உணவுக் கடைக்குள் நுழைந்தோம். வாசலில் ஐஸ் மேல் மீன்களை அடுக்கி வைத்து, நாமே தேர்ந்தெடுக்கச் சொல்கிற கடை. என் கை சும்மா இருக்கவில்லை. ஒரு சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டேன்.

பரிமாறுபவர் ஓடி வந்தார். "மேடம், தொடக்கூடாது! காட்டினா போதும்!"

"தொடாம எப்பிடிப்பா தெரியும்? இது வந்து மூணு நாள் ஆவுது."

"இன்னிக்குக் காலைல வந்தது மேடம்."

"இங்க வந்தது இன்னிக்கு. தண்ணிய விட்டு வந்தது என்னிக்கு?"

பாய் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்காத குறை. "வாம்மா. சாப்பிட வந்தியா, ஏலம் எடுக்க வந்தியா?"

அதே மீனைத்தான் மசாலா தடவி, கல்லில் மொறுமொறுவென்று போட்டுத் தரச் சொல்லிச் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது. மூன்று நாள் மீன் என்று தெரிந்தும் எனக்கு எந்தத் தயக்கமும் வரவில்லை. கல் சூடாக இருந்ததைப் பார்த்தேன், அது போதும் என்று இருந்தது. என் தொழிலில் இருபத்திரண்டு வருடமும் நான் நம்பியது அந்தச் சூட்டைத்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

3. பக்கத்து மேசை

வியாழக்கிழமைக்கு வருகிறேன். விவேக் வெள்ளைச் சட்டையோடு எங்கள் மேசைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படி இருக்கு மேடம்? இதுதான் நம்ம ஸ்பெஷல். செவிச்சேன்னு பேரு."

"இதை எதுல வேகவெச்சீங்க?"

"வேகவைக்கவே இல்ல மேடம்! அதுதான் விஷயமே. எலுமிச்சைச் சாறுல ஊறவைப்போம். புளிப்புலயே மீன் வெந்துடும். பாருங்க, எப்படி வெள்ளையாயிடுச்சு."

"நிறம் மாறுது. வேவல சார்."

அவர் அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டார். "ஆமா, அந்த ஃபிரெஷ்னஸ் தெரியணும். உங்க மீனா இருக்கறதாலதான் தைரியமாச் செய்யறேன்" என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட உள்ளே போனார்.

உங்க மீனா இருக்கறதால. அந்த மீன் எங்கள் படித்துறையில் இறங்கியதிலிருந்து பெட்டிக்குள் போகும்வரை என்னவெல்லாம் பார்த்தது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

வலது பக்க மேசையில் வயதான ஒரு கணவன் மனைவி. அவர் தலையில் கம்பளிக் குல்லாய், மணிக்கட்டில் ஊசி போட்ட இடத்தில் இன்னும் பிளாஸ்திரி. அந்த அம்மா தமிழில் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆஸ்பத்திரியிலேருந்து வந்து நாலு நாளா ஒரு வாய் இறங்கலை. இது புளிப்பா இருக்கு, வேணும்ங்கறார். அதான் கூட்டிட்டு வந்தேன்."

அவர் தட்டிலும் அதே வெள்ளைத் துண்டுகள். இரண்டு உள்ளே போயிருந்தன. மூன்றாவது முள்கரண்டியில் இருந்தது.

நான் எழுந்தது நினைவிருக்கிறது. அவர் தட்டின்மேல் என் உள்ளங்கையை விரித்து வைத்திருந்ததும் நினைவிருக்கிறது. நடுவில் நடந்த இரண்டு அடி நினைவில்லை.

"ஐயா, அதை வெச்சுடுங்க. சாப்பிடாதீங்க."

அந்த அம்மா பதறிப்போனார். "யாரும்மா நீ? கையை எடு!"

"நான்தாம்மா இந்த மீனை அனுப்பினவ. பழவேற்காடு. இது வேகவெச்சுச் சாப்பிடறதுக்காக அனுப்பின மீன். பச்சையாச் சாப்பிடறதுக்கு நாங்க அனுப்பல."

"இது பச்சை மீனா?" அவர் கணவரைப் பார்த்தார். "ஏங்க, பச்சை மீனாமே!"

பெரியவர் கரண்டியை மெல்லத் தட்டில் வைத்தார். "ருசியாத்தான் இருந்தது" என்றார், ஏதோ அவர்மேல் குற்றம் சொல்லிவிட்டதுபோல.

சுற்றியிருந்த நான்கு மேசைகளிலும் கரண்டிகள் நின்றன. காதர் பாய் பாதி எழுந்தவர் அப்படியே நின்றார்.

4. சமையலறையில்

விவேக் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். சிரிப்பு போய்விட்டது.

"என்ன மேடம் இது? அஞ்சு மாசமா ஃபிரெஷ்னு சீட்டுல எழுதி அனுப்பறீங்க. இப்ப என் கஸ்டமர் முன்னாடி வந்து சாப்பிடாதீங்கன்னு சொல்றீங்க. எது உண்மை?"

"ரெண்டும் உண்மை சார். செவுள் சிவப்பு, சதை கெட்டி, வாடை இல்ல. அதுதான் எங்களுக்கு ஃபிரெஷ். குழம்புக்கும் வறுவலுக்கும் அதுக்குமேல வேணாம்."

"அப்ப என்ன பிரச்சனை?"

சொன்னேன். படகு வந்ததும் மீனைக் கூடையோடு ஏரித் தண்ணீரில் முக்கி அலசுகிறோம். அதே படித்துறையில்தான் படகையும் கழுவுகிறோம். ஐஸ் பாளத்தைத் தரையில் சாக்கு விரித்துக் கட்டையால் இடிக்கிறோம். அது குடிக்கிற தண்ணீரில் செய்த ஐஸ் அல்ல. எடை போடும் தட்டை நாளுக்கு இரண்டே முறைதான் கழுவுகிறோம்.

சொல்லச் சொல்ல எனக்கே தூக்கிவாரிப்போட்டது. ஒவ்வொன்றும் நான் தினமும் நின்று பார்த்த வேலை. ஒன்றையும் நான் தப்பாகச் செய்யவில்லை. எல்லாம் வழக்கப்படிதான். அந்த வழக்கத்தின் கடைசியில் யாரோ ஒருவர் வீட்டில் அடுப்பு இருக்கிறது என்ற எண்ணத்தில்தான் அத்தனையும் நடந்துகொண்டிருந்தது.

விவேக் மேசைமேல் இருந்த பாத்திரத்தை எடுத்து, ஊறிக்கொண்டிருந்த மீன் முழுவதையும் தொட்டியில் கொட்டினார். "இன்னிக்கு இது இல்லைன்னு வெளியில சொல்லிடு" என்று உதவியாளரிடம் சொன்னார்.

ஊர் திரும்பும் ரயில் ஜோலார்பேட்டை தாண்டியபோது, பாய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சொன்னது தப்புன்னு சொல்லல. உள்ள போய்ச் சொல்லியிருக்கலாமில்ல? நாலு பேர் நடுவுல, நம்ம மீனை நம்மளே பேஜார் பண்ணிட்டு வந்துட்டமே."

"உள்ள போய்ட்டு வரதுக்குள்ள அந்தப் பெரியவர் தட்டு காலியாயிருக்கும் பாய்."

"பதினாலு பொம்பளைங்களுக்கு நாளைக்கு நீ பதில் சொல்லு."

5. ஒன்றும் ஆகவில்லை

மூன்று நாள் எனக்குச் சரியான தூக்கமில்லை. உள்ளே போன அந்த இரண்டு துண்டுகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலை ஒன்பதரைக்கு விவேக் போன் செய்தார். பெரியவரை விசாரித்தாராம், நன்றாக இருக்கிறாராம். வயிற்றுக்கு ஒன்றுமில்லை. மற்ற மேசைக்காரர்களும் யாரும் புகார் சொல்லவில்லை. உணவக முதலாளிக்கோ அந்தப் பதார்த்தம் மறுபடி வேண்டுமாம்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பாய்க்கு வேறு மாதிரி நிம்மதி.

"பாத்தியா? ஒண்ணும் ஆவல. அஞ்சு மாசமாத் தின்னுருக்காங்க, ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவல. இன்னா இப்போ? பெட்டியக் கட்டும்மா."

பெங்களூரில் அடைந்த அதிர்ச்சியைவிட இது பெரிதாக இருந்தது. அந்தப் பெரியவர் பிழைத்துக்கொண்டது, நாங்கள் பழையபடியே தொடர்வதற்கு ஒரு காரணமாகிவிட்டது. "சீட்டுல என்னால கையெழுத்துப் போட முடியாது பாய்" என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"அப்ப இன்னா பண்ணலாம்ன்ற?"

"நம்ம மீன் வலையிலேர்ந்து பெட்டி வரைக்கும் எப்படி வருதுன்னு இருக்கிறபடி எழுதி அனுப்பலாம். படிச்சுட்டு அவங்களே முடிவு பண்ணட்டும்."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை; வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு தொழுகைக்குப் போய்விட்டார்.

பதினொரு வரி எழுதினேன். அனுப்பும் முன் ஷெட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பசியாவரத்திலிருந்து தினமும் படகில் வருகிற தேசம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மீன் அலசுவது அவள் வேலை.

"எங்க கை அழுக்குன்னு ஊருக்கு எழுதப் போறியா கோமளாக்கா? நான் அலசின மீனைத் தின்னு எவன் செத்தான்? பேரு சொல்லு."

"யாரும் சாவல. எல்லாரும் வேகவெச்சுத் தின்னாங்க. இவங்க பச்சையாத் தின்றாங்க."

"இன்னாது?"

"பச்சையா. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு."

தேசம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். பின்னாலிருந்து ஒருத்தி, "அவங்க வூட்ல அடுப்பு இல்லியா?" என்றாள். இன்னொருத்தி, "பூனை கூட கருவாட்டைத்தான் தேடுது" என்றாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. தேசம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து தாளை எட்டிப் பார்த்தாள்.

"படகுல வரசொல்லோ மீன் காயாம இருக்கத் தண்ணி தெளிப்போம். படகுக்குள்ள தேங்கின தண்ணி. கால் வெச்ச தண்ணிதான். அதை எழுதினியா?"

"இல்ல."

"எழுதிக்கோ."

எனக்கே தெரியாத ஒன்று அது. அதற்குப் பிறகு மற்றவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். பதினொன்று, பதினாறு வரியானது. கீழே கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து விவேக்குக்கு அனுப்பினேன். பிற்பகல் மூன்றே காலுக்குப் பதில் வந்தது: "கொடுவா வேண்டாம். நண்டு மட்டும் அனுப்பவும். நன்றி மேடம்."

6. அதற்குப் பிறகு

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிறவர்களுக்காக இதை எழுதுவதால் நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். கொடுவா ஆர்டர் நின்றதும் நான்கு பேருக்கு வேலை இல்லாமல் போனது. தேசம்மா அதில் ஒருத்தி. "நீ சொன்னதாலதான்" என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. ஏழு வாரம் பசியாவரத்தில் ஏரிக்குள் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடித்தாள். நான் போய்ப் பார்த்தபோது இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடியே கையை ஆட்டினாள். கரைக்கு வரவில்லை.

ஷெட்டில் எல்லாம் மாறிவிடவில்லை. ஏரித் தண்ணீரில் அலசுவதை நிறுத்தினோம்; பாய் ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தார். ஐஸ் இடிக்க மேடை வந்தது. ஐஸ் மட்டும் இன்னும் அதே ஐஸ்தான். பச்சையாகச் சாப்பிடத் தகுந்த மீனை எங்களால் இன்றைக்கும் அனுப்ப முடியாது.

ஃபிரெஷ் என்று எழுதும் முன் அந்த மீனை எப்படிச் சாப்பிடப் போகிறார்கள் என்று கேளுங்கள். அது தெரியாமல் போடுகிற கையெழுத்துக்கு அர்த்தம் இல்லை. நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். அதற்கு எனக்கு இருபத்திரண்டு வருடமானது.

எட்டாவது வாரம் கோயம்புத்தூரிலிருந்து புதிதாக ஒரு ஓட்டல்காரர் கூப்பிட்டார். கொடுவா வேண்டுமாம், வாரம் மூன்று பெட்டி. பாய் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். எடை, நாள், வண்டி எல்லாம் பேசி முடித்தார். நான் சீட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு விஷயம் சார். மீனை வேகவெச்சுத்தானே குடுப்பீங்க?"

அந்தப் பக்கம் ஓட்டல்காரர் சிரித்தார். "என்ன பாய் கேள்வி இது? மீனை வேகவைக்காம யாராச்சும் சாப்பிடுவாங்களா?"

"சாப்பிடறாங்க சார்" என்றார் பாய். "என் கண்ணால பாத்தேன்."