கம்பில் கட்டிய மஞ்சள் துணி

ஏலப்பாறைக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நான் நாலாம் வகுப்புப் படித்தபோது, மழை தொடங்கிய வாரம் மரம் நடக் கூட்டிப் போனார்கள். வெள்ளைக்காரன் கொண்டுவந்த மரமெல்லாம் போதும், இந்த மலையிலேயே பிறந்த மரத்தை நடுவோம் என்றார் சார். கோட்டயம் பக்கத்துக்காரர், வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த சரிவை ஆபீஸில் ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள்.

சரிவு முழுக்க, ஆடு கடித்து மொட்டையான முள்முருங்கைக் கம்புகள் ஊன்றியிருந்தன. பழைய வேலிக் கம்பு என்று நினைத்த சார், பிடுங்கிக் கன்றுகளுக்கு முட்டுக் கொடுக்கச் சொன்னார். எங்களுக்குக் கேட்கவா வேண்டும், ஆளுக்கு ஒன்றாகப் பாய்ந்து பிடுங்கினோம். என் நாவல் கன்றுக்குக் கிட்டத்தில் கம்பு மிஞ்சவில்லை. மேலே ஏறி, பாறையோரத்தில் இருந்த ஒன்றைப் பிடுங்கி வந்தேன். அதில் ஒரு மஞ்சள் துணி கட்டியிருந்தது. அதை அவிழ்த்துக் கன்றையும் கம்பையும் சேர்த்துக் கட்டினேன். சார் பார்த்துவிட்டு, இப்படித்தான் கட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் கொழுந்துக் கூடையோடு திரும்பிய பெண்கள் சரிவைப் பார்த்ததும் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. பல் முளைக்காத பிள்ளை செத்தால் அங்கேதான் புதைப்பார்கள். கம்பெனி நிலம் என்பதால் கல் வைக்க விடமாட்டார்கள்; தலைமாட்டில் ஒரு கம்பை ஊன்றிவிட்டு வருவார்கள். பிள்ளைகளிடம் அதைப் பற்றிப் பேசுகிற வழக்கம் இல்லை. போன வருஷம் செத்த தம்பியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்டதற்கு அம்மா என் வாயில் அடித்தாள். அன்றே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

பெண்கள் எந்தக் கம்பு எங்கே இருந்தது என்று தெரியாமல் கன்று கன்றாகக் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி அழவே இல்லை, சும்மா நடந்துகொண்டே இருந்தாள். அம்மா மட்டும் என் நாவல் கன்றின் முன்னால் நின்றுவிட்டாள். தன் சேலையில் கிழித்துக் கட்டிய துணி அவளுக்குத் தெரியாதா?

"ஏட்டி, இந்தக் கம்பு இங்கனதான் நின்னுச்சா?"

அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பாறையோரம் இருபது அடி தூரம்கூட இல்லை. கையை நீட்டிக் காட்டியிருந்தால் போதும்.

"இங்கனதாம்மா," என்றேன்.

அம்மா அப்படியே உட்கார்ந்து கன்றைச் சுற்றி மண்ணைத் தடவிக் கொடுத்தாள். மற்றப் பெண்கள் அவளைப் பார்த்த பார்வையில் பொறாமை இருந்தது. அவள் ஒருத்திக்குத்தான் இடம் தெரிந்திருந்தது.

அந்த மழையில் கம்புகளெல்லாம் துளிர்த்தன. பள்ளிக்கூட ஜன்னலில் இருந்து பார்த்தால் அவைதான் தெரியும். நான் இடத்தை மாற்றிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தேன். வருஷாவருஷம் தம்பி செத்த நாளில் அம்மா ஒரு சொம்புப் பால் கொண்டுபோய் நாவல் வேரில் ஊற்றினாள். நானும் கூடப் போவேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று நினைத்து, காலிச் சொம்பை வாங்கிக்கொண்டு திரும்புவேன். பாறையோரத்தில் காட்டுப்புல் ஏறி, பிறகு ஒரு மழையில் மண் சரிந்து பாறையே உருண்டு போனது. இப்போது கேட்டாலும் எனக்கே இடம் தெரியாது.

எனக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது அந்த மரம் காய்த்தது. அம்மா மடி நிறையப் பழம் பொறுக்கி வந்து, ஒன்றைத் துடைத்து என் வாயருகே நீட்டினாள்.

"தின்னுட்டி. தம்பி குடுக்கான்."

நான் வாயைத் திறந்தேன்.