எலியப்பரின் சாவிக்கொத்து

எலியப்பர் என்றால்தான் ஆய்வுக்கூடத்தில் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. பத்தொன்பது வருடமாக எலிகளுக்குத் தீனி போட்டு, கூண்டு கழுவி, எதற்காவது வலிப்பு வந்தால் நோட்டில் குறித்து வைப்பவர். இடுப்பில் பதினேழு சாவி. பாதிக்குப் பூட்டே கிடையாது. கழற்ற மனசு வந்தால்தானே? அவர் படியேறும்போதே வாசலில் இருக்கும் காவலாளி, "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்பார். யானையோ ஒடிசலான யானை.

அவர் மகளுக்கும் வலிப்பு உண்டு. ஒன்பது வயதில் ஆரம்பித்தது, பதினாறாகியும் விடவில்லை. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. ஆசையாக வாங்கிய சைக்கிள், சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வராந்தாவில் நின்றது. அதனால்தான் ஆய்வை நடத்தும் டாக்டரம்மா புது வலிப்பு மருந்தை, வலிப்பு வரும் வகை எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கியதும் எலியப்பர் தலைகால் புரியாமல் ஆனார். மருந்து குடிக்கும் எலிகள் ஒசத்தி, அவற்றின்மேல் கதவுக் காற்று படக்கூடாதென்று அந்த அடுக்கை அறையின் உள்கோடிக்குத் தள்ளி வைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த, வெறும் தண்ணீர் குடிக்கிறவை கதவோரம் கிடந்தன.

மூன்று மாதமும் கதவோர எலிகளுக்குத்தான் காலையில் வலிப்பு வந்தது. உள்ளே இருந்தவை சமர்த்தாகக் கொறித்துக்கொண்டிருந்தன. "மருந்து வேலை செய்யுது போலிருக்கே," என்றார் டாக்டரம்மா. எலியப்பர் அன்றைக்கே மகளிடம் சொல்லிவிட்டார். அவசரக் குடுக்கை, வேறென்ன சொல்ல?

பிறகு காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டார். திரும்பி வந்து நோட்டைப் புரட்டினால், கதவோர எலிகளுக்கும் ஒரு வலிப்பு இல்லை.

"ஒழுங்காப் பாத்தியா?" என்று தனக்குப் பதிலாக வேலை பார்த்தவனைக் கேட்டார்.

"கண்ணு வலிக்கப் பாத்தேண்ணே. ஒண்ணும் வரல."

அவன் சட்டைப்பையில் ஒரே ஒரு சாவி. எலியப்பர் தன் கொத்தை எடுத்துக் கதவருகே குலுக்கினார். ஓர் எலி கூண்டுக்குள் வெறிபிடித்தாற்போல் ஓடி, பக்கவாட்டில் விழுந்து, கால்களை உதைத்துக்கொண்டது. மறுநாள் கொத்தை வெளியே வைத்துவிட்டுப் போனார். எதற்கும் வரவில்லை. ஆக, அத்தனை வலிப்பும் இவர் இடுப்பிலிருந்து வந்தது. கதவைத் திறந்ததும் கொத்தை அங்கேயே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார், அதனால் உள்கோடிக்குச் சத்தம் எட்டவில்லை. மருந்துக்கு அதில் பங்கே இல்லை.

யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் மகளின் மருந்து போச்சு. இரண்டு நாள் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். மூன்றாம் நாள் டாக்டரம்மாவின் மேசைமேல் சாவிக்கொத்தை வைத்துச் சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா கொத்தை எடுத்து ஒருமுறை குலுக்கிப் பார்த்தார். "நாளன்னைக்கு அறிக்கை அனுப்பறதா இருந்தேன். இனி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்." அவ்வளவுதான். வேலை போகவில்லை.

வீட்டுக்குப் போனால், மகள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சீட்டின் உறையைப் பிரித்திருந்தாள். எலியப்பர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் துணியை மடித்தாள். "அப்போ அந்த மருந்த நான் குடிச்சிருந்தா?"

"ஒண்ணும் ஆகியிருக்காதும்மா."

"ஆகியிருக்கும்ப்பா. குணமாயிடுச்சுன்னு நம்பி, வண்டியெல்லாம் போற ரோட்டுல இத ஓட்டிக்கிட்டுப் போயிருப்பேன்."

எலியப்பர் சைக்கிளின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.